இரண்டு மீட்டர் முப்பது

ஐந்தாவது சனிக்கிழமையும் ஹல்வர் இருபத்துமூன்று அடிப் படகின் உள்ளறைக்குள் இறங்கி, ஐந்தாவது முறையாகத் தலையை இடித்துக்கொண்டார்.

"தாராளமா இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் மனைவி இங்குன் பக்கத்திலிருந்த பத்தொன்பது அடிப் படகில் உட்கார்ந்திருந்தார். கூரை இல்லாத படகு. விற்பனைக் கூடத்தின் பெரிய கதவு திறந்திருந்ததால் ஏப்ரல் குளிர்காற்று நேராக அவர் முகத்தில் அடித்தது. கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு இதுதான் சுகமா இருக்கு."

பதினோரு வருடமாகப் படகு விற்கிறேன். இப்படி ஒரு தம்பதியைப் பார்த்ததில்லை.

ஹல்வருக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. ஏணியில் இறங்கி முடிப்பதற்குள் என் காப்பி ஆறிவிடும். அவருக்குத்தான் ஏணி வைத்த பெரிய படகு வேண்டும்.

இங்குன் மணிக்கொரு தடவை கழிப்பறைக்குப் போகிறவர். வந்ததிலிருந்து இரண்டு தடவை என்னிடம் சாவி வாங்கிப் போய்விட்டார். அவருக்குத்தான் கழிப்பறை இல்லாத சின்னப் படகு வேண்டும்.

"நடுக்கடல்ல அவசரம்னா என்ன பண்ணுவே?" என்று ஹல்வர் உள்ளேயிருந்து கேட்டார்.

"வாளி இருக்கு."

"அறுபத்தெட்டு வயசுல வாளியா!"

"உனக்கு மட்டும் அறுபத்தெட்டு வயசுல அடுப்பு வெச்ச படகு வேணுமாக்கும். நாப்பது வருஷத்துல ரொட்டி மேல பழுப்புச் சீஸை வெச்சதைத் தவிர நீ என்ன சமைச்சிருக்கே?"

நான் சிரிக்கவில்லை. இவர்களைப் பார்த்துச் சிரிப்பது மூன்றாவது சனிக்கிழமையோடு நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களுக்கென்று சுட்டுவைத்த வாஃபிளில் பாதியை இவர்களே தின்று தீர்த்திருந்தார்கள். மீதியை எரிச்சலில் நான் தின்றுகொண்டிருந்தேன்.

ஆர்டர் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவையும்.

"முதல்ல படகு கட்டற இடத்தைச் சொல்லுங்க. அதைப் பொறுத்துதான் படகு."

"ஏ பாலம். நாப்பத்தேழு," என்றார் இங்குன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"சி பாலம்," என்றார் ஹல்வர். ஏணியில் அவர் தலை மட்டும் தெரிந்தது.

நாங்கள் படகை நீளத்தைச் சொல்லி விற்கிறோம். படகுச் சங்கமோ துறையின் மிதவைப் பாலங்களில் படகு கட்டும் இடத்தை அகலத்தைப் பார்த்துக் கொடுக்கிறது. ஏ பாலத்தில் இரண்டு மீட்டர் முப்பதுக்கு மேல் நுழையாது. சின்னப் படகின் அகலம் இரண்டு பதினைந்து. பெரியது இரண்டு ஐம்பத்தைந்து.

சங்கத்தில் துறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்வென்னை அழைத்தேன். வாஃபிள் தின்ற கையெல்லாம் ஜாம். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏ நாப்பத்தேழு காலியா ஸ்வென்?"

"காலிதான்பா. யாருக்கு? ஹல்வர் வீட்டுக்கா?" ஸ்வென் பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேரும் என் உசிரை எடுக்கறாங்க. திங்கக்கிழமை இங்குன் ஆப்பிள் கேக்கோட வந்து, நாப்பத்தேழை யாருக்கும் குடுத்துடாதேன்னா. செவ்வாக்கிழமை ஹல்வர் வந்து, ஏ பாலத்தைத் தவிர எங்க வேணா குடுங்கறான். பக்கத்துல நாப்பத்தாறுல அவங்க பையன் ஐவின்ட் படகைக் கட்டியிருக்கான்ல. அப்பனும் மகனும் பேசி நாலு வருஷமாச்சு."

நான் வாஃபிளைக் கீழே வைத்தேன்.

"ஹலோ?" என்றார் ஸ்வென்.

போனை அணைத்தேன். திரையில் ஜாம் ஒட்டிக்கொண்டது.

ஹல்வர் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி வெளியே வந்து, படகைவிட்டு இறங்கினார்.

"ஆப்பிள் கேக்கா?"

இங்குன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு துண்டுகூடக் கண்ணுல காட்டலை," என்றார் ஹல்வர்.

சின்னப் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலது பக்கத்தில் நின்று, விரல் முட்டியால் அதன் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதுக்கு உருளை எத்தனை குடுப்பே?"

பக்கத்துப் படகு மோதாமலிருக்க விளிம்பில் தொங்கவிடும் உருளைகளைத்தான் கேட்டார்.

"நாலு. பக்கத்துக்கு ரெண்டு."

"எட்டு போடு."

"பத்தொன்பது அடிக்கு எட்டா?"

"அந்தக் கழுதைக்குக் கயிறு கட்டத் தெரியாது. காத்தடிச்சா வந்து வந்து இடிப்பான். நவம்பர் வரைக்கும் படகைத் தண்ணியிலயே விட்டு வெச்சிருந்தான், சோம்பேறி. அந்தப் புயல்ல ரெண்டு தடவை நான்தான் போய் இறுக்கிக் கட்டினேன்."

இங்குன் அவர் முழங்காலைப் பார்த்தார்.

"நம்ம வாசல்ல, ஐஸ்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்னே."

"ஐஸ்தான்," என்றார் ஹல்வர். "வாசல் இல்ல."

நான் எட்டு என்று எழுதினேன்.

இங்குன் சின்னப் படகிலிருந்து இறங்கி வந்து, மூன்றாவது தடவையாகக் கழிப்பறைச் சாவியைக் கேட்டார்.

வெகுநேரம் திரும்பி வரவில்லை.