கன்னத்துக்கு ஒரு நிறம்

பறக்கும் சைக்கிள் ஓட்டுகிற ஆப்பிரிக்கச் சிறுமி அஜுவாவின் கார்ட்டூனுக்கு வண்ணம் தீட்டுபவள் முத்துவடிவு. கதாநாயகி ஆயிற்றே என்று முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கியே வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இரண்டு முறை அனுப்பினாள். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது.

“இன்னொரு தடவ திரும்பிச்சுன்னா தொடரே நம்ம கைய விட்டுப் போயிடும்மா,” என்றார் மேலாளர்.

“செவப்பா இருக்குன்னு வேணாங்கறாங்களே, இந்த அதிசயத்த எங்க போய்ச் சொல்ல!” பக்கத்து நாற்காலி ரெஜினா சிரித்தாள்.

முத்துவடிவு தன் கையைத் திரையோடு ஒட்டிவைத்து, அந்தக் கறுப்பு வரும்வரை கலந்து, அஜுவாவின் கன்னத்தில் நிரப்பினாள்.

மறுநாளே பதில் வந்தது: “அழகு! எல்லாப் பாகத்துக்கும் இதே நிறம்.”

“ஏய், இந்த நெறத்துக்கு ஒரு பேரு குடுத்து சேமிக்கணும்டி. என்ன போடட்டும்?” என்றாள் ரெஜினா.

முத்துவடிவு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தன் பெயரைத் தட்டினாள்.