மனம்விட்டுப் பேசும் இடம்

சலூன் கண்ணாடியின் மேல்மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தால், நாற்காலியில் இருப்பவரிடம் அதைச் சொல்வதில்லை. எங்கும் எழுதப்படாத இந்த விதியைத் தூத்துக்குடியின் முடிதிருத்துநர் எவரும் மீறியதில்லை. புள்ளி அவர்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். முகத்தைப் பார்த்தே நோயைக் கண்டறியும் கண்ணாடி, புள்ளி எரிந்ததும் அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். மறுநாள் காலை அந்த மனிதரின் காப்பீடு ரத்தாகும். வாய்திறந்தால் கடைக்கு உரிமம் போய்விடும்.

இளமுருகு ஆறு வருடமாகத் திட்டமிட்ட சலூன் கடைக்கு அன்று திறப்பு விழா. கேரம் பலகை, நீண்ட சோபா, பில்டர் காபி. ‘ஆண்கள் மனம்விட்டுப் பேசும் இடம்’ என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தான். முதல் ஆளாக, கடைக்குப் பெயின்ட் அடித்துக்கொடுத்த நண்பன் சேவியர் உட்கார்ந்தான்.

“மாப்ள, கிருதாவுல கைய வச்ச, கடையக் கொளுத்திருவேன் பாத்துக்க.”

விழாவுக்கு வந்து சோபாவில் இருந்த மற்ற சலூன் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பாதி வெட்டியிருந்தபோது புள்ளி எரிந்தது. கத்தரி நின்றது. புள்ளியைக் கண்டதும் அவர்கள் குனிந்து கேரம் காய்களை அடுக்கத் தொடங்கினார்கள்.

“வெட்டுப்பா, நேரமாகுது” என்றார் அவர்களில் மூத்தவர்.

இளமுருகு நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினான்.

“சேவியரு, கண்ணாடியில உனக்குச் சிவப்பு எரியுது. காலையில காப்பீடு இருக்காது. இப்பமே ஆஸ்பத்திரியில போய்ச் சேரு. முடி பாதியில கெடக்கட்டும், எந்திரி.”