ஒரு ரப்பர் வளையம்

முன்சக்கரம் கழற்றிய பழைய கார் ஜாக்கியின் மேல் ஒருக்களித்து நிற்கிறது. இடப்பக்கம் புது ஸ்பிரிங் மாட்டியாகிவிட்டது, வலப்பக்கம் பாக்கி. பதினொரு மணிக்கு மாமனாருக்கு டயாலிசிஸ். போன முறையே தவறிப்போனது. மழை அரித்த இந்த மேட்டுப்பாதைக்கு வர முடியாது என்று வாடகை வண்டிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஷாக் அப்சார்பரை மடியில் சாய்த்துக்கொண்டு, ஸ்பிரிங்கை நெரித்துப் பிடித்திருக்கும் கவ்விகளை மருமகன் மாறி மாறித் தளர்த்துகிறான். கவ்வி நழுவினால் முகம் மிஞ்சாது. ஸ்பிரிங் முனகிக்கொண்டே விரிந்து, டொக்கென்று உட்காருகிறது.

"மாப்ள, வண்டிக்கும் எனக்கும் ஒரே நேரத்துல உள்ள உடைஞ்சிருக்கு பாருங்க." நாற்காலியில் இருக்கும் பெரியவரின் சிரிப்பு பாதியில் இருமலாகிறது.

"பேசாம இருங்கப்பா," என்கிறாள் மகள். "இன்னும் எவ்வளவு நேரங்க?"

"முடிஞ்சிடுச்சு. இதை உள்ள மாட்டினா கிளம்பிடலாம்."

ஸ்பேனரைத் தேடித் தரையில் விரித்த செய்தித்தாளைத் தூக்குகிறான். அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஸ்பிரிங்குக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. அது இல்லாமல் போனால் பாதிப் பாதையிலேயே புது ஸ்பிரிங்கும் ஒடியும். வெயில் அதன் விளிம்பில் வட்டமாக மின்னுகிறது. உள்ளே ரேடியோ மணி பத்தரை என்கிறது. அவன் கவ்வியை மறுபடி எடுக்கிறான். இப்போதுதான் உட்கார்ந்த ஸ்பிரிங்கை முதலிலிருந்து நெரிக்கத் தொடங்குகிறான்.

மகள் அந்த வளையத்தைப் பார்க்கிறாள். குனிந்து, அப்பாவின் வீங்கிய கால்களில் அரும்பாடுபட்டு நுழைத்திருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள்.