பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு ஷூ

சூப்பர்வைசர் பூதக்கண்ணாடியோடு குனிந்ததுமே, அந்த ஷூவைத் தைத்தவன் மேஜையை ஒட்டி வந்து நின்றான். போன வாரம் இதே மேஜை முன்னால் நின்ற அவன் மச்சானுக்கு அன்றைக்கே வேலை போய்விட்டது.

“பெட்டியில இருக்கிற நம்பரும் ஷூவுக்குள்ள இருக்கிற நம்பரும் ஒண்ணுதான். பசை வாடை இல்ல. லோகோவும் சுத்தமா இருக்கு.”

“பார்த்துப் பார்த்துத் தச்சது சார்.”

“பெருமை அப்புறம் பேசு. ஒரு ஜோடி போலின்னு பேர் வாங்கினாலும் நாம கதவைச் சாத்த வேண்டியதுதான்.”

குதிகால் பக்கம் வந்ததும் கண்ணாடி அப்படியே நின்றது.

“என்னய்யா இது?”

“தையல் சார். நூல் பிடிச்ச மாதிரி நேரா...”

“அதான்யா தப்பு! அசல் கம்பெனி மெஷின்ல இந்த இடத்துல ஒரு தையல் எப்பவும் கோணிக்கும். போலியான்னு பார்க்கிறவன் முதல்ல அதைத்தான் தேடுவான். காப்பி அடிக்கச் சொன்னா, அசலைவிட நல்லாத் தச்சு வச்சிருக்கே!”

“இப்பவே கோணலாத் தச்சுத் தர்றேன் சார்!”

அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தைத்தான். நேராக விழுந்தது. மறுபடி பிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தும் நேராகவே விழுந்தது.

சூப்பர்வைசர் ஷூவை வாங்கிக்கொண்டார்.

“கிளம்புப்பா. உன் கைக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது.”