அவங்களே எழுதினது

ஒரே ஒரு ஊர், அந்த ஊரில் ஒரே ஒரு தையல் ஃபேக்டரி, அந்த ஃபேக்டரியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு இங்கிலீஷ் வகுப்பு.

வெளிநாட்டிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் நாலு வார்த்தை பதில் சொல்லத் தெரிய வேண்டுமாம். பாடம் எடுத்த டீச்சருக்கு வேலை தற்காலிகம்தான். சீக்கிரம் நிரந்தரம் பண்ணிவிடலாம் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். டீச்சரும் நம்பிக்கொண்டே இருந்தாள்.

பாடம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. தாளில் வாக்கியம் இருக்கும், பக்கத்தில் ஒரு சொல்லோ மரபுத்தொடரோ இருக்கும். அதை வைத்து வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். தாளை மேனேஜரே டைப் அடித்துக் கொடுப்பார். பொத்தான் பிரிவுக்குப் பொத்தானைப் பற்றி, இஸ்திரிப் பிரிவுக்கு இஸ்திரியைப் பற்றி. மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று டீச்சர் உருகிப்போனாள்.

அன்றைக்கு வந்த தொடர் 'டர்ன் எ டெஃப் இயர்'. சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இருப்பது என்று டீச்சர் விளக்கினாள்.

"எங்க வீட்டுக்காரருக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் காஜா எடுக்கிறவள். கூடமே சிரித்தது.

இஸ்திரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய இடது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. போன மாதம் நீராவி இஸ்திரியின் குழாய் வெடித்து வெந்த கை. குழாய் கசிகிறது என்று மூன்று தடவை போய்ச் சொன்னேன் என்கிறாள் அவள். கவனமில்லாமல் கையை வைத்தாள் என்கிறது ஆபீஸ். விசாரணைக்கு ஆள் வரப்போகிறது. தப்பு அவள் பக்கம் என்று ஆகிவிட்டால் பதினாறு வருஷ வேலை அன்றோடு சரி.

அவளுடைய தாளைப் பார்த்த டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது. மேனேஜர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்றிருந்த வாக்கியத்தில் ஆளைத் தூக்கி மாற்றிப் போட்டிருந்தாள். நான் எச்சரித்தேன், மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கிலீஷில் ஒரு குறை சொல்ல முடியாது. கவனக்குறைவால் என் கை வெந்தது என்று வர வேண்டிய இடத்தை அப்படியே வெறுமையாக விட்டிருந்தாள்.

"அது பொய் டீச்சர்."

"வாக்கியத்துல என்னக்கா உண்மை, பொய்? பயிற்சிதானே? குடுத்ததை மாத்தி எழுதணும், அவ்வளவுதான்."

மூன்று வாரம் இதே பிடிவாதம். அக்காவுக்கு மண்டைக்கனம் என்று மற்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் மேனேஜரிடம் போய்க் குறைப்பட்டுக்கொண்டாள். நானும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறேன் என்றார் அவர்.

என்ன சொன்னாரோ, அடுத்த வாரம் அக்கா வாயைத் திறக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல, அப்படியே எழுதினாள். பிறகு வழக்கப்படி நல்ல பிரதி. கேள்வியெல்லாம் வேண்டாம், விடைகளை மட்டும் வெள்ளைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் பெயரும் தேதியும் கையெழுத்தும். நோட்டீஸ் போர்டில் ஒட்டவும், கடைசியில் சர்டிஃபிகேட் கொடுக்கவும் என்று சொல்லி மேனேஜர்தான் இந்த வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார்.

பத்து நாள் கழித்து டீச்சருக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. உள்ளே மேனேஜர், அறிமுகமில்லாத ஒரு அதிகாரி, ஓரமாக இஸ்திரியக்கா. அதிகாரி அந்த வெள்ளைத் தாளை நீட்டினார்.

"இதைப் பத்தி உங்களைக் கேட்டா தெரியும்னு இந்தம்மா சொல்றாங்க. இவங்களா எழுதினதா, யாராவது சொல்லிக்குடுத்து எழுதினதா?"

சர்டிஃபிகேட் விஷயம் என்று நினைத்தாள் டீச்சர். பாவம், அக்காவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கட்டும். "ஒரு வார்த்தைகூட நான் சொல்லிக்குடுக்கலை சார். முழுக்க அவங்களே எழுதினது" என்றாள் சிரித்த முகத்தோடு.

அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு தாளைத் தமிழில் வாசித்தார். என் கவனக்குறைவால் கை வெந்தது. மேனேஜர் எச்சரித்தும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொந்தக் கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்விகள் இல்லாமல் பார்த்தால் அது பாடமாகவே இல்லை, வாக்குமூலமாக இருந்தது.

"உங்க நிரந்தர ஆர்டர் முதலாளி டேபிளுக்குப் போயிருக்கு டீச்சர்" என்றார் மேனேஜர், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி.

அதிகாரி நிமிர்ந்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

இஸ்திரியக்கா டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மேனேஜரைப் பார்த்தாள். "இல்ல சார்."

அதிகாரி ஃபைலை மூடிக்கொண்டு கிளம்ப, வழியனுப்ப மேனேஜர் பின்னாலேயே போனார். டீச்சர் மேஜையைப் பார்த்தபடி நின்றாள். பேசியது அக்காதான். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

"நான் எழுதலேன்னா கிளாஸை மூடிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொன்னாரு டீச்சர். அதுக்காகத்தான் எழுதினேன். நாளைக்கு யாராவது கேட்டா, பாடத்துக்கு எழுதினதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு இருந்துட்டேன்."

வெந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவைத் திறந்து நடந்தாள்.