சனிக்கிழமை ரூம் இல்லை

"ரூம் இல்லீங்க" என்று காலையிலிருந்து பத்தாவது தடவையாகச் சொன்னார் இளையபெருமாள்.

"சாவியெல்லாம் ஆணியில தொங்குதே?" என்றார் சேலத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தவர்.

"தொங்கத்தான் தொங்குது. இன்னைக்குக் கெடையாது. நாளைக்கு வாங்க."

அந்தக் குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே வெயிலில் இறங்கிப் போயிற்று. திருநள்ளாற்றில் சனிக்கிழமை என்றால் கேட்க வேண்டுமா? பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும், மாட்டுக்கொட்டகையைக்கூட வாடகைக்குக் கேட்கும். அந்தக் கூட்டத்திலும் அவருடைய லாட்ஜில் பதினான்கு அறையும் காலி.

முன்னொரு காலத்தில் அது யூதர்களின் தொழுகைக் கூடம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், வேலை, வியாபாரம் எதுவும் கூடாது. அன்றைய தொழுகைக்குக் குறைந்தது பத்து ஆண்கள் கூடியாக வேண்டுமாம். கூடாமல் போகவே பூட்டிவிட்டார்கள். கோயில் வாசலில் நல்லெண்ணெய்க் கடை வைத்திருந்த ஏலியா முதலாளி, பிரான்சுக்குக் குடிபோகும்போது இடத்தை இளையபெருமாளின் அப்பாவுக்கு விற்றார். "என்ன வேணா நடத்துங்க. சனிக்கிழமை மட்டும் இங்க யாவாரம் வேணாம், வாக்குக் குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

அப்பா கொடுத்தார். சாகும்போது அதை மகன் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

எதிர் டீக்கடை சேக் பரீது வாரம் தவறாமல் கேலி செய்வார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நானே அரைமணிதாண்ணே கடையப் பூட்டுறேன். நீங்க யாருக்கோ நாள் பூராப் பூட்டுறீங்களே!"

மனைவி கனகாம்பாள் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள். "ஊரே சனீஸ்வரன் புண்ணியத்துல பொழைக்குது. நாம அன்னைக்குன்னு பாத்து ஈ ஓட்டுறோம். இந்த வருஷத்தோட லாட்ஜ இழுத்து மூட வேண்டியதுதான்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மற்ற நாளில் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. அவருக்கும் அலுத்துவிட்டது. அதனால்தான் ஏலியா முதலாளியின் பேத்தி ராகேலைத் தேடிப்பிடித்து, நேரில் ஒன்று கேட்க வேண்டும் என்று கடிதம் போட்டார்.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவளே வந்து நின்றாள். நாற்பது வயது; பாரிஸில் பிறந்தாலும் வீட்டில் காரைக்கால் தமிழ் பேசி வளர்ந்தவள். காலி அறைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ கூட்டம் வந்திருக்கு. ஏன் இங்க மட்டும் ஆளே இல்ல?"

"அம்பது வருஷமா சனிக்கிழமை இப்படித்தாம்மா. உங்க தாத்தாவுக்கு எங்க அப்பா குடுத்த வாக்கு. ஒரு வாரங்கூட மீறல." "இனிமே என்னால முடியலம்மா. அவரு எவ்வளவு ஆசாரமா இருந்திருப்பாருன்னு தெரியாம இல்ல. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னீங்கன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து தொறந்துடுவேன். இல்லன்னா லாட்ஜே இல்ல."

ராகேல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிப்போயிற்று.

"ஐயா, தாத்தா காலத்துல இந்த ஊர்ல எங்க ஜனத்துல ஆம்பளைங்க பதினாறு பேர் இருந்தாங்கன்னு அப்பா சொல்லுவாரு."

"பதினாறு பேரா? பின்ன ஏன் தொழுகைக்குப் பத்துப் பேர் கூடல?"

"எல்லாரும் கடையில இருந்தாங்க."

"சனிக்கிழமையா?"

"சனிக்கிழமைதான். மொதல்ல கடையத் தொறந்தவரே எங்க தாத்தாதாங்க."