கரகரத்த குரல்

மனநல உதவி மையத்துக்கு வந்த அழைப்பில் கரகரத்த குரலைக் கேட்டதுமே, நொந்துபோன அப்பா என்று ஆலோசகி முடிவுகட்டிவிட்டாள்.

"நம்ம வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயசு மேடம். டென்ஷன் குறையும்னு சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சான். இப்ப டென்ஷன் ஏறிப்போய்த் தூக்கமே இல்ல. காரணமில்லாம அழுகை வேற."

"இந்த வயசுல சிகரெட் மனசையும் கெடுக்கும் சார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆனா திட்டாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க."

"அடிச்சா?"

"இன்னும் மோசமாகும் சார்!"

"அப்படிப் போடுங்க! இதையே இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க மேடம், ஸ்பீக்கர்ல போடறேன்." கரகரப்பு சட்டென்று அழுகையாக உடைந்தது. "என்னை அடிக்க அப்பா பெல்ட்டோட வந்துகிட்டிருக்கார்."

ஆலோசகி நாற்காலியை விட்டே எழுந்து, அந்த அப்பாவுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"சார், மொதல்ல பெல்ட்டைக் கீழ போடுங்க!"